38 மீட்டர் மதில், எதிரே கரும்புத் தோட்டம்: புயற்காற்றுக்கு எப்படிக் கட்டுவது?

ரோஸ்பெல்_வாசி

அனைவருக்கும் வணக்கம். மொரீசியஸில் ரோஸ் பெல் அருகே உள்ள எங்கள் மனையின் கிழக்கு எல்லையில், 38 மீட்டர் நீளத்துக்கு 1.8 மீட்டர் உயரமான மதில் ஒன்று எழுப்ப எண்ணியிருக்கிறோம். எல்லைக்கு அப்பால் பாதித் தூரத்துக்குப் பக்கத்து வீட்டாரின் தோட்டமும், மீதித் தூரத்துக்குத் திறந்த கரும்பு வயலும் இருக்கின்றன. கொத்தனார் 6 அங்குல பிளாக், 40 சென்டிமீட்டர் அகல அஸ்திவாரம், 4 மீட்டருக்கு ஒரு தூண் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்; ஈரம் ஏறாமல் இருக்கத் தரைமட்டத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றும் விரிப்பாராம். என் மைத்துனரோ, 8 அங்குல பிளாக்காக மாற்றிவிட்டால் எந்தப் புயலுக்கும் அசையாது என்கிறார். சுவரின் தடிமனைக் கூட்டினால் மட்டும் போதுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மோக்கா_பொறியாளர்

ஐயா, வீட்டுச் சுவரையும் மதிலையும் ஒரே பார்வையில் பார்ப்பதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. வீட்டுச் சுவருக்கு மேலே தளம் இருக்கிறது, இரு பக்கமும் குறுக்குச் சுவர்கள் பிடித்துக்கொள்கின்றன. மதிலுக்கோ அடியைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. எனவே காற்று முழு முகத்திலும் தள்ளுகிற தள்ளல் அனைத்தும் அடிவரிசை மூட்டில் வந்து குவிகிறது.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி 207ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அளவு கிடைக்கும். நம் வானிலை நிலையம் நான்காம் வகுப்புப் புயல் எச்சரிக்கை (புயல் நெருங்க நெருங்க வகுப்பு எண் ஏறும்) விடுக்கும் 120 கிலோமீட்டர் வேகத்துக்கு இது ஏறத்தாழ 70 கிலோ. 1960இல் கரோல் புயலில் பதிவான 256 கிலோமீட்டருக்கு 317 கிலோ; 1975இல் ஜெர்வேஸ் புயலின் 280 கிலோமீட்டருக்கு 379 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை இந்த எண்களே காட்டும். தனித்து நிற்கும் சுவரில் முன்பக்கத் தள்ளலோடு பின்பக்க உறிஞ்சலும் சேர்வதால், முனைகளுக்கு அப்பாற்பட்ட நடுப்பகுதியில்கூட இதை 1.2ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மைத்துனர் சொல்லும் 8 அங்குலச் சுவரை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் பூசிய உள்ளீடற்ற பிளாக் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ இருக்கும். 1.8 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் நீளத் துண்டின் எடை 540 கிலோ. அந்த எடை கவிழாமல் பிடித்துவைக்கும் திருப்புத்திறன் (விசையை அதன் நெம்புதூரத்தால் பெருக்கிய அளவு), பாதித் தடிமனான 10 சென்டிமீட்டரால் பெருக்கினால், வெறும் 54 மீட்டர்-கிலோ. 120 கிலோமீட்டர் காற்று கவிழ்க்கும் திருப்புத்திறனோ 135. அதாவது தன் எடையை மட்டும் நம்பினால், 8 அங்குலச் சுவர் நான்காம் வகுப்பு எச்சரிக்கையின் தொடக்கத்திலேயே தோற்றுவிடுகிறது. 6 அங்குலத்துக்கு இந்த 54 என்பது ஏறத்தாழ 31ஆகக் குறையும். தடிமன் கூடினால் நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பிப் புயலை எதிர்கொள்ள, கோட்டைச் சுவர் அளவுக்குப் பருமன் வேண்டியிருக்கும்.

திரியோலே_கொத்தனார்

பொறியாளர் தம்பியின் கணக்கில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தத் தீவில் பாதி மதில்கள் எப்போதோ விழுந்திருக்க வேண்டும். நான் தூண்கூட இல்லாமல் கட்டிய 6 அங்குல மதில்கள் பல, 2002இல் டினா புயலையும் 2024 ஜனவரியில் பெலால் புயலையும் தாண்டி இன்றும் நிற்கின்றன. கலவை நன்றாக இருந்து, பிளாக்கை நனைத்து வைத்து, மூட்டு நிரம்பக் கட்டினால் சுவர் ஒரே கல்லாக இறுகிவிடும். படித்தவர்கள் கலவையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதுதான் என் குறை.

மோக்கா_பொறியாளர்

அண்ணா, உங்கள் கேள்வி மிகச் சரியானது. உங்கள் சுவர்கள் நிற்பதற்குக் காரணம் நீங்கள் சொன்ன கலவையின் ஒட்டுப்பிடிதான். மேலே சொன்ன 120 கிலோமீட்டர் காற்றில் 8 அங்குலச் சுவரின் அடிமூட்டில் எழும் இழுவிசை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.2 நியூட்டனை நெருங்கும். நல்ல கொத்தனார் கட்டிய புதுச் சுவரின் மூட்டு இதைத் தாங்கக்கூடும். அதோடு, வானிலை நிலையங்கள் வேகத்தை 10 மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், வீடுகளும் மரங்களும் சூழ்ந்த ஊருக்குள், காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே வீசும். இந்த இரண்டும் சேர்ந்தே திரியோலேயின் மதில்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஆனால் ஒட்டுப்பிடி ஒருமுறை விட்டுப்போனால் மீளாது. கண்ணுக்கே தெரியாத மயிரிழை விரிசல் அடிமூட்டில் ஓடிவிட்டால், அந்த இடத்தில் இழுவிசைத் தாங்குதிறன் பூஜ்யம். சுவர் அன்றிலிருந்து தன் எடையால் மட்டுமே நிற்கிறது. அஸ்திவாரம் சற்று இறங்கினாலும், பக்கத்தில் மரவேர் தூக்கினாலும், லாரி பின்னோக்கி வந்து இடித்தாலும் இதே கதி. பெரிய புயலில் நின்ற மதில் அடுத்த ஆண்டின் சிறிய புயலில் விழுவதைக் கண்டு மக்கள் வியப்படைகிறார்கள். முதற்புயல் பிடியை அறுத்துவிட்டது, இரண்டாவது புயல் தள்ளிவிட்டது என்பதே அதன் விளக்கம். ஆகையால் ஒட்டுப்பிடியைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளலாமே தவிர, வடிவமைப்பின் ஆதாரமாக வைக்கக் கூடாது.

ரோஸ் பெல் ஐயா குறிப்பிட்ட பிளாஸ்டிக் தாளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை விரிக்கவே வேண்டாம். திருப்புத்திறன் மிக அதிகமாக இருக்கும் மூட்டில், நாமே கையால் விரிசல் ஒன்றை உண்டாக்கி வைப்பதற்கு அது சமம். ஈரம் ஏறக் கூடாது என்றால், தரைக்குக் கீழும் முதல் இரண்டு வரிசையிலும் பிளாக்கின் குழிகளைக் கான்கிரீட்டால் நிரப்பி, வெளிப்புறத்தில் நீர்த்தடுப்புக் கலவை பூசுவது போதும்.

சேன்பியேர்_வாசகர்

ரியூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஐரோப்பியக் கட்டுமானத் தரநிலையான யூரோகோடு 1இன் காற்றுப் பகுதியைப் பின்பற்றுகிறோம். பிரெஞ்சுத் தேசிய இணைப்பில் எங்கள் தீவின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 34 மீட்டர். இது பத்து நிமிடச் சராசரி என்பதை மறக்கக் கூடாது. வீச்சுகளின் உச்சம் இதைவிட மிக அதிகம். இந்த அளவை வைத்துத் திறந்த வெளியில் 2 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால், உச்ச அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 103 கிலோ வருகிறது. கடலை நேரே பார்த்த இடத்தில் இதே உயரத்துக்கு 154 கிலோ.

பொறியாளர் நண்பர் நடுப்பகுதியின் 1.2 என்ற கெழுவை, அதாவது பெருக்கும் எண்ணைத்தான் சொன்னார். முனைகளின் நிலை மிகவும் மோசம். நீளமான மதிலின் வெறும் முனையில் காற்று சுற்றிக்கொண்டு பாய்வதால், உயரத்தின் 0.3 மடங்கு தூரம் வரை கெழு 3.4 ஆகிறது; அங்கிருந்து உயரத்தின் இரு மடங்கு தூரம் வரை 2.1, நான்கு மடங்கு வரை 1.7, அதற்கு அப்பால்தான் 1.2. உங்கள் 1.8 மீட்டர் மதிலுக்கு, முனையிலிருந்து முதல் அரை மீட்டரில் சுமார் 350 கிலோவும், 3.6 மீட்டர் வரை 215 கிலோவும், நடுவில் 123 கிலோவும் என்று பொருள். முனையில் சுவரைச் செங்கோணமாக மடக்கி, மடிப்பின் நீளம் குறைந்தது உயரத்தளவு இருக்குமாறு கட்டினால், அந்த 3.4 என்பது 2.1ஆகக் குறைகிறது. வாயிலை ஒட்டிய மதில்துண்டுகள் முதலில் விழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அது தற்செயல் அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளாஸ்ட்ரா என்னும் துளையுள்ள பிளாக் வைத்துக் காற்றை ஊடே விட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். முகப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் முனைக் கெழு உட்பட எல்லா இடத்திலும் 1.2ஆகச் சமப்படும் என்பது உண்மை, அது நல்ல பயன். ஆனால் அழகுக்காக மேல்வரிசையில் மட்டும் நான்கைந்து துளைகள் விடுவதால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை.

ரோஸ்பெல்_வாசி

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. வயல் பக்கம் கரும்பு வளர்ந்து நிற்கும்போது காற்றை மறைக்காதா? மேலும், பக்கத்து வீட்டார் தம் நிலத்துக்குள் அஸ்திவாரம் நீட்டுவதை ஒப்புக்கொள்ளவில்லை. பொதுச்சுவராகக் கட்டிச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் பேச்சும் கைகூடவில்லை. எனவே சுவரின் வெளிமுகம் எல்லைக்கோட்டிலேயே நிற்க வேண்டும்.

மோக்கா_பொறியாளர்

கரும்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் ஐயா. ஜூனில் தொடங்கி ஆண்டு முடியும் வரை அறுவடை நடக்கிறது. ஜனவரி, பிப்ரவரிப் புயல்கள் வரும்போது, பிந்தி அறுத்த வயலில் கரும்பு முழங்கால் அளவுகூட எழுந்திருக்காது. நிலத்தைப் பிரித்து விற்றுவிட்டால் அதுவும் இல்லை.

எல்லைக்கோட்டுச் சிக்கல்தான் இந்த வேலையின் உயிர்நாடி. நண்பர் கொடுத்த எண்களை வைத்து, சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று ஒரே அளவாக எடுத்துக்கொண்டு பார்க்கிறேன். இது நடுப்பகுதிக்குத் தாராளம், மடிப்புள்ள முனைக்கு ஏறத்தாழச் சரி. அஸ்திவாரத்தின் அடி தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொண்டால், அந்த மட்டத்தில் கவிழ்க்கும் திருப்புத்திறன் ஒரு மீட்டர் நீளத்துக்கு 504 மீட்டர்-கிலோ.

கொத்தனார் சொன்ன 40 சென்டிமீட்டர் அஸ்திவாரத்தில், 8 அங்குலச் சுவரையே வைத்தாலும், சுவர், 25 சென்டிமீட்டர் கனமான கான்கிரீட், அதன் மேல் நிற்கும் மண் எல்லாம் சேர்ந்து எடை 945 கிலோதான். தாங்கும் திருப்புத்திறன் 189. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சுவரில் எவ்வளவு கம்பி போட்டாலும், சுவரும் அஸ்திவாரமும் ஒன்றாகவே சாய்ந்துவிடும். அஸ்திவாரத்தை 1 மீட்டர் அகலமாக்கிச் சுவரை நடுவில் வைத்தால் 787 கிடைக்கிறது. கவிழ்ப்பைப் போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல், அது ஏற்கத்தக்கது.

ஆனால் உங்களுக்குச் சுவர் நடுவில் நிற்க இயலாது, வெளிவிளிம்பில் நிற்க வேண்டும். அப்போது அதே 1 மீட்டர் அகலம் இரு திசைகளிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. வெளியிலிருந்து உள்ளே வீசும் காற்றுக்கு 997 கிடைக்கிறது, கவலையே இல்லை. உள்ளிருந்து பக்கத்து வீட்டை நோக்கித் தள்ளும் காற்றுக்கோ, சுவரின் எடை கவிழும் முனைக்கு நேர் மேலேயே இருப்பதால் உதவ மறுக்கிறது. கிடைப்பது 577 மட்டும், அதாவது 1.15 மடங்கு. புயலின் மையம் கடந்துபோகும்போது காற்று திசை மாறி எதிர்ப்பக்கத்திலிருந்து வீசும் என்பதால், ஒரு திசையை மட்டும் சரிபார்த்து விட்டுவிட முடியாது. அகலத்தை 1.2 மீட்டராக்கினால் 808 கிடைக்கும், அது 1.6 மடங்கு. அந்த நிலையில் வெளிவிளிம்பின் கீழ் மண்ணில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 7 டன் வரை எழும். உறுதியான செம்மண் இதைத் தாங்கும், நிரப்பிய மண் தாங்காது.

இந்த அமைப்பில் கம்பி வைக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டை நோக்கித் தள்ளும்போது அஸ்திவாரத்தின் உள்பக்கச் சிறகு (சுவரைத் தாண்டி நீளும் பகுதி) மேலே இழுக்கப்படுவதால், கான்கிரீட்டின் மேற்பகுதியில் குறுக்குக் கம்பி அவசியம். வழக்கமாக அடியில் மட்டும் வலை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தூணின் உள்முகக் கம்பிகளும் சிறகின் பக்கமாக மடக்கி உள்ளே விடப்பட வேண்டும்.

திரியோலே_கொத்தனார்

1.2 மீட்டர் அகலத்துக்குத் தோண்டச் சொல்வது எளிது தம்பி. ரோஸ் பெல் பக்கம் இரண்டு அடி தோண்டுவதற்குள் கருங்கல் உருண்டைகள் வந்துவிடும். சில இடத்தில் பாறை மேலேயே கிடக்கும். அங்கே என்ன செய்வது?

மோக்கா_பொறியாளர்

அண்ணா, உருண்டைக் கல் வேறு, தொடர்ந்து ஓடும் பாறை வேறு. உருண்டையை நம்பக் கூடாது, பெயர்த்து எடுத்துவிட வேண்டும். உண்மையான பாறை வந்தால் அது வரம். அகலமான அஸ்திவாரத்தின் தேவையே அங்கே இல்லை. பாறையில் துளையிட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, ரசாயனப் பசை செலுத்திக் கம்பியை நட்டு, அதிலிருந்தே தூணை எழுப்பலாம். துளையின் ஆழத்தைப் பசை தயாரித்தவர் தரும் அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். தூசி இருந்தால் பசை பாறையைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும்.

தூணின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 200 கிலோ அழுத்தத்தில் தரைமட்டத் திருப்புத்திறன் மீட்டருக்கு 324. தூண்களுக்கிடையே 2.5 மீட்டர் என்றால் ஒரு தூணுக்கு 810. பாதுகாப்புக் காரணி 1.5ஆல் பெருக்கினால் 1,215 மீட்டர்-கிலோ. நான்கு 12 மில்லிமீட்டர் கம்பிகள் கொண்ட 20 சென்டிமீட்டர் சதுரத் தூண் சுமார் 1,330 வரை தாங்கும். ஆகவே 2.5 மீட்டர் பொருந்துகிறது. 4 மீட்டர் பொருந்தாது. கடற்கரைக்கு அருகே உப்புக்காற்றுக்காகக் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடலைக் கூட்டும்போது இந்தத் தாங்குதிறன் குறைந்து தேவையின் விளிம்புக்கே வந்துவிடும்; அங்கே 25 சென்டிமீட்டர் தூணே சரி.

இதில் ஜெர்வேஸ் புயலுக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1.5 மடங்கு அழுத்தம் என்பது காற்று வேகத்தில் சுமார் 1.22 மடங்குதான். மதில் ஒன்றுக்கு இதற்கு மேல் செலவிடுவது பெரும்பாலோர்க்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பிள்ளைகள் கூடும் பள்ளியின் மதில் என்றால் வேறு மாதிரி முடிவெடுப்பேன்.

டர்பன்_வரைவாளர்

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே சான்ஸ் 10400 தரநிலையின் கே பகுதியில் தனித்து நிற்கும் சுவர்களுக்கென்றே அட்டவணை உண்டு. தடிமனுக்கு ஏற்ற உயரமும் தூண் இடைவெளியும் அதில் உள்ளன. சிறு வேலைகளுக்கு மிகவும் உதவியானது. ஆனால் அதைப் பார்த்து மொரீசியஸில் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது எங்கள் நாட்டுக் காற்றுக்காக எழுதப்பட்டது, வெப்பமண்டலப் புயலுக்காக அன்று. இணையத்தில் கிடைக்கும் அட்டவணையை எடுத்து எந்த நாட்டிலும் பொருத்துகிற பழக்கத்தை நான் அடிக்கடி காண்கிறேன்.

38 மீட்டர் நீளத்தை ஒரே துண்டாகக் கட்டினால் கான்கிரீட் பிளாக் சுருங்கி, எங்காவது தானாக வெடிக்கும். ஆறு மீட்டருக்கு ஒன்று என்ற அளவில் அசைவு மூட்டு (சுவர் சுருங்க இடம் தரும் இடைவெளி) விட வேண்டும். மூட்டின் இருபுறமும் தனித்தனித் தூண் வேண்டும் என்பதே இதில் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் தூண் வைத்தால், மறுபக்கத் துண்டின் விளிம்பு பிடிப்பின்றித் தொங்கும்.

திரியோலே_கொத்தனார்

டர்பன் நண்பர் சொல்வது சரி. நான் இன்னொன்று சேர்க்கிறேன். முதலில் தூணை வார்த்துவிட்டுப் பிறகு இடையில் பிளாக் அடுக்கினால், இரண்டுக்கும் நடுவே பிடிப்பே இருக்காது. முதலில் பிளாக்கின் விளிம்பை வரிசைக்கு வரிசை முன்பின்னாகப் பல் விட்டுக் கட்டி, கம்பிக்கூட்டை நடுவில் நிறுத்தி, அதன் பிறகு தூணை வார்க்க வேண்டும். அப்போதுதான் கான்கிரீட் பற்களுக்குள் புகுந்து கவ்வும். மேலே ஒரு பட்டை பீம் ஓடவிட்டால் சுவர்த்துண்டு மேலே மட்டும் பிதுங்காது. அசைவு மூட்டில் அந்தப் பீமையும் வெட்டிவிட வேண்டும், பலர் அதை மறந்துவிடுவார்கள்.

மணலைப் பற்றியும் ஒரு சொல். கடற்காயலில் மணல் எடுப்பதை 2001இல் தடை செய்தார்கள்; அதற்கு முன்பு கட்டிய மதில்களில் சரியாகக் கழுவாத பவள மணல் இருக்கக்கூடும், உப்பால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும். பழைய தூணைப் புதுச் சுவருக்குப் பயன்படுத்தலாம் என்று யாரும் எண்ணினால், முதலில் ஓரிடத்தில் உடைத்துக் கம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவில்பணி_கத்ர்போர்ன்

இதைப் படித்ததும் எங்கள் கோவில் மதிலைப் பற்றிய கவலை வந்துவிட்டது. 2 மீட்டர் உயரம், தூண்கள் உண்டு, அஸ்திவாரம் எவ்வளவு என்று இப்போதிருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. தைப்பூசத்தன்று காவடிகள் அதை ஒட்டித்தான் நிற்கும். இடித்துக் கட்டப் பணம் இல்லை.

மோக்கா_பொறியாளர்

முதலில் ஓரிடத்தில் குழி தோண்டி அஸ்திவாரத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்; அது அரை நாள் வேலை. தூக்குக்குண்டு பிடித்துச் சாய்வைப் பாருங்கள், அடியிலிருந்து இரண்டு மூன்று வரிசைக்குள் கிடையாக ஓடும் விரிசலைத் தேடுங்கள், ஒரு பக்கம் மண் உயர்ந்து குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். மண் குவிந்திருந்தால் அது மதிலாக இல்லாமல் தாங்குசுவராகிவிட்டது. அந்த மண்ணை எடுத்துவிடுவதே முதல் வேலை.

பணம் குறைவாக இருந்தால் உயரத்தைக் குறைப்பதே மிக மலிவான வலுவூட்டல். அடியின் திருப்புத்திறன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 2 மீட்டரை 1.3 மீட்டராக்கினால் அது பாதிக்கும் கீழே, சுமார் 42 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. மேலே இடைவெளியுள்ள இரும்புக் கிராதி வைத்துக்கொள்ளலாம்; காற்று அதனூடே போய்விடும். பிற்பாடு கிராதியில் தகரத்தையோ பிளாஸ்டிக் விரிப்பையோ கட்டிவிடாமல் நிர்வாகக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் பழைய உயரமே திரும்பிவிடும்.

ரோஸ்பெல்_வாசி

மைத்துனரிடம் எண்களைக் காட்டினேன்; அவரும் ஒப்புக்கொண்டார். 8 அங்குல பிளாக், 2.5 மீட்டருக்குத் தூண், அசைவு மூட்டில் இரட்டைத் தூண், எல்லைப் பக்கம் 1.2 மீட்டர் அஸ்திவாரம், வாயில் முனையில் 2 மீட்டர் மடிப்பு என்று வரைந்து, உள்ளூர்ப் பொறியாளர் ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறோம். தகடு அடித்த இரட்டைக் கதவு ஒன்றும் வைக்க இருக்கிறோம். வேலை நவம்பரில்தான் தொடங்க முடியும் போலிருக்கிறது. அதில் சிக்கல் உண்டா?

மோக்கா_பொறியாளர்

தகட்டுக் கதவு வாங்கும் காற்றின் பெரும்பகுதி கீல் வழியே வாயில் தூணில் இறங்கும். அந்தத் தூண்களை மதில் தூண்களின் கணக்கில் சேர்க்காமல் 30 சென்டிமீட்டர் சதுரத்துக்குத் தனியே கணக்கிடச் சொல்லுங்கள்.

நவம்பர் தொடக்கம் புயல் பருவத்தில் விழுவதால், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிளாக் முழு உயரத்துக்கு எழும்பி, தூணும் பீமும் வார்க்காமல் நிற்கும் நாட்களில் இந்தச் சுவருக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது, கலவைகூட இறுகியிருக்காது. தவிர்க்க முடியாவிட்டால் 38 மீட்டரையும் ஒரே மூச்சில் எழுப்பாமல், அசைவு மூட்டுக்கு அசைவு மூட்டு ஒரு துண்டை முழுதாக முடித்து, பீம் வார்த்த பிறகே அடுத்த துண்டைத் தொடங்குங்கள். முதலாம் வகுப்பு எச்சரிக்கை வந்தவுடன், முடியாத துண்டுக்கு இருபுறமும் மரச்சாய்வுகள் கொடுத்துத் தரையில் முளையடித்துக் கட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பு வரை காத்திருந்தால் ஆட்கள் தத்தம் வீட்டுக் கூரையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.